உள்ளங்கைத் தராசு

மைசூரில், தொண்ணூறுகளின் கடைசியில், பாகம் பாகமாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக்கொண்டிருந்தேன். பவர் சப்ளை மட்டும் பாக்கி. அது மோசமென்றால் மற்றதெல்லாம் கருகும்.

கடைக்காரர் ஒல்லி, காதில் பென்சில். பெட்டிமேல் எழுதியதைப் படிக்கவே மாட்டார். பூசணிக்காய் வாங்குகிறவரைப் போல உள்ளங்கையில் ஏந்திக் கண்ணை மூடுவார்.

"இதுல முந்நூறு வாட்டுன்னு போட்டிருக்கே?"

"எழுதறதுக்கென்ன ஸார்? என் முதுகுலகூட ஆயிரம் வாட்டுன்னு எழுதலாம். ஸ்வல்ப தூக்கிப் பாருங்க, உள்ள வெறும் காத்து. செம்பு இருந்தா கனக்கும்."

கனத்ததையே வாங்கினேன். ஏழு வருஷம் முணுமுணுக்காமல் உழைத்தது. கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டிய அன்று அந்தப் பவர் சப்ளையை ஆசையாகத் திறந்தேன். உள்ளே, எந்த ஒயரோடும் ஒட்டாமல், கனத்துக்காகவே திருகி வைத்த இரும்புத் துண்டு.

அப்படியானால் அந்தக் கை எதைத்தான் எடைபோட்டது?