கொடியில் இருபத்துநான்கு ஜெர்சிகள்

திங்கட்கிழமை காலை. தேத்தண்ணீர்க் கோப்பையோடு பேப்பர் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சமையலறை ஜன்னலடியிலிருந்து என் மனைவியின் குரல்.

"இஞ்சருங்கோ, ஓடி வந்து பாருங்கோ! பக்கத்து வீட்டுக் கொடி நிறைய ஜெர்சி தொங்குது. இருபத்திநாலும்! முழுப் பேரும் வந்து விளையாடியிருக்கினம்!"

நான் எழுந்து போகவில்லை.

உங்களுக்கு முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். லண்டன் ஹரோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டெக்லன். அயர்லாந்துக்காரர். அறுபது தாண்டியும் கட்டட வேலைக்குப் போகிறவர். இங்கே அவருடைய ஆட்கள் நடத்தும் ஒரு சின்ன கேலிக் ஃபுட்பால் கிளப்பில் இளமையில் ஆடினார். இப்போது அதன் மேனேஜர், டிரைவர், மைதானத்துக்குக் கோடு போடுபவர், டீமின் துணிகளைத் தோய்ப்பவர் – எல்லாம் அவரே.

கேலிக் ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு... பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். திங்கள் காலை, ஆடியவர்களின் ஜெர்சிகள் மட்டும் டெக்லன் வீட்டுக் கொடியில் காயும். பன்னிரண்டு வருஷமாக, எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே. ஸ்கோர் என்னவென்று என் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. ஜெர்சிகளை மட்டும் எண்ணுவாள். ஆரம்பத்தில் இருபதுக்கு மேல். பிறகு பதினெட்டு. பிறகு பதினைந்து. சீசன் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை பதின்மூன்று... "பாவம் மனுசன்" என்று ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

டெக்லன் என்னை ஆட்டம் பார்க்கக் கூப்பிடாத வருஷம் இல்லை. நான் "அடுத்த கிழமை" என்று சொல்லாத வருஷமும் இல்லை. ஒரு வாரம் கோயில், ஒரு வாரம் கலியாண வீடு, ஒரு வாரம் மழை. லண்டனில் மழைதான் எவ்வளவு வசதியான சாக்கு!

போன சனிக்கிழமை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் பேசுவது ஆங்கிலம். என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"நாளைக்கு ஒருக்கா வாருமன். இந்த சீசனில ரெண்டு தரம் ஆள் சேராமல் ஆட்டத்தை விட்டுக் குடுத்திட்டம். மூண்டாந் தரமும் அப்பிடியெண்டால் லீக்கால வெளிய போட்டிடுவாங்கள். பிறகு கிளப்பே இல்லை."

அந்த முகத்தைப் பார்த்து மழைச் சாக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய வேனிலேயே போனேன்.

உடுப்பு மாற்றும் அறையின் வாங்குப் பலகையில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை ஜெர்சிகளை வரிசையாக விரித்து வைத்தார். மிச்சம் ஒன்பதையும் பக்கத்தில் அடுக்கினார் – மாற்று ஆட்டக்காரர் யாரும் வந்தால்! வெளியே எதிர் டீம் இருபது பேருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. நம் பக்கம் – பாருங்கள், அரை மணி நேரத்தில் 'நம்' ஆகிவிட்டது – ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்பது. பத்து. பன்னிரண்டு. ஆட்டம் தொடங்கக் குறைந்தது பதின்மூன்று பேர் வேண்டும்.

டெக்லன் போனும் கையுமாக நடந்தார்.

"ஒருத்தன் ஷிப்டில நிக்கிறான். ஒருத்தன் வாடகை கட்டேலாமல் லண்டனை விட்டே போயிட்டான். ரெண்டு பேர் சிட்னியில. இஞ்ச பிறந்த பெடியளுக்கு சாக்கர்தான் பிடிக்குதாம்."

ரெஃப்ரி கால் மணி நேரம் பொறுத்தார். டெக்லன் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு வயது அறுபத்திரண்டு, முழங்கால் இரண்டிலும் ஆபரேஷன். பார்வையை மெல்ல எடுத்துக்கொண்டார். ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு பந்துகூட உதைக்காமல் ஒரு கிளப் முடிந்துபோனது. ஒரே ஒரு ஆள் குறைந்ததால்.

பார்க்க வந்தவர்கள்: ஆட்டக்காரர் ஒருவரின் காதலி, அவளுடைய நாய், நான்.

திரும்பும் வழியில் சிக்னலில் வேன் நின்றது. பக்கத்தில் ஓர் அயர்லாந்து பப். வாசல்வரை கூட்டம். அவர்கள் நாட்டில் நடக்கும் பெரிய மாட்ச் டிவியில் ஓடுகிறது. ஒவ்வொருவர் உடம்பிலும் அவரவர் பிறந்த மாவட்டத்தின் ஜெர்சி. பாதிப் பேர் இளவட்டங்கள். நல்ல தோள், நல்ல கால்... அங்கே ஒரு பதின்மூன்றாவது ஆள் இல்லாமலா போயிருப்பான்?

எனக்குக் கோபம் வந்தது. டெக்லனுக்கு வரவில்லை.

"அவங்களில பிழை இல்லை. மனம் அங்கதானே நிக்குது. அதோட, தோக்கிற டீமைப் பார்க்க ஆர் வருவினம்?"

"ஆக்கள் வராட்டி எப்பிடி வெல்லுறது?"

"அதைத்தான் நானும் முப்பது வருஷமாக் கேக்கிறன்."

சிக்னல் பச்சையானது.

இந்த விளையாட்டில் யாருக்கும் சம்பளம் இல்லை. ஆளை விலைக்கு வாங்கி டீம் கட்ட முடியாது. எந்த இடத்தவரோ, அந்த இடத்துக்கு ஆடுவதுதான் முறை. அதுதான் அதன் அழகு. ஆனால் பாதி வாழ்க்கையை லண்டனில் கழித்தும் "நான் இந்த இடத்தவன்" என்று சொல்ல ஆளில்லாவிட்டால், இங்கிருக்கும் டீமுக்கு யார் ஆடுவார்கள்? யார் கை தட்டுவார்கள்?

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? லண்டன் தமிழர் நாமும் ஊருக்கொரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கொரு பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கிறோம். ஊர் மாட்சை போனில் லைவாகப் பார்க்கிறோம். ஹரோவில் நம் பிள்ளைகள் ஆடும் மைதானம் எந்தத் தெருவில் என்று கேட்டால்... எனக்குத் தெரியாது. உங்களுக்கு?

ஞாயிறு இரவு சொல்ல மனம் வராத இதையெல்லாம் திங்கட்கிழமை காலை மனைவியிடம் சொல்லி முடித்தேன். அவள் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒருத்தரும் விளையாடேல்லையெண்டால், ஏன் எல்லாத்தையும் தோய்ச்சவர்?"

வேலியடிக்குப் போய் டெக்லனிடம் அதையே கேட்டேன்.

"இனிப் பெட்டிக்குள்ள வைக்கவேணும். எப்பவாவது ஆரும் கேட்டு வந்தால், ஊத்தையாக் குடுக்க ஏலாதுதானே" என்றார், ஈரமான ஏழாம் நம்பரின் கையை நீவி விட்டபடி.



"நான் முந்தியே வந்திருக்கவேணும்" என்றேன்.

"நேற்று வந்தனீர்தானே" என்றார்.

வந்தேன்தான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக... நடக்காத ஆட்டத்துக்கு.