டிரெய்லருக்குச் சிவப்பு விளக்கு

சென்ற ஆண்டு தை மாதம், சங்ககிரி பக்கத்தில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் டிராக்டர் உரிமையாளர்கள் கூட்டம் நடந்தது. டிரெய்லர்களுக்குப் பின்விளக்கும் ஒளிரும் பட்டையும் கட்டாயம் என்று சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று செய்தி வந்திருந்த நேரம். ‘வேண்டாம்’ என்று ஒரே குரலில் எழுதி அனுப்பத்தான் கூட்டம். சங்கத் தலைவர் என் கணவர்.

எனக்கோ மனசு கேட்கவில்லை. அதற்கு முந்தின வருடம் இளம்பிள்ளையில் சேலைக் கடை வேலை முடிந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது, பொழுது சாய்ந்த நேரம், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிச் சாலையோரம் நின்ற டிரெய்லர் கண்ணுக்கே தெரியவில்லை. மோதி விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பல மாதம் தலை பின்னக்கூட அடுத்தவர் கை வேண்டியிருந்தது. எங்கள் டிரெய்லருக்கு என் கணவர் உடனே விளக்கு மாட்டிவிட்டார். சங்கத்தில் எடுத்துச் சொல்லத்தான் தயக்கம்.

பெண்கள் யாரும் போகாத அந்தக் கூட்டத்துக்கு நான் போனேன். மைக் கைக்கு வந்ததும் இறுகப் பிடித்துக்கொண்டேன். எப்படியோ நடந்ததைச் சொன்னேன்.

ஒரு பெரியவர் எழுந்தார். “வயக்காட்டுல எறங்குனா லைட்டு நிக்காதுங்க அம்மணி. ஒடஞ்சா போலீசு எங்களத்தான புடிப்பாங்க?”

நியாயமான கேள்விதான். “அப்ப கழட்டி மாட்டுற லைட்டுக்கு அனுமதி கேளுங்க, அவகாசம் கேளுங்க. லைட்டே வேண்டாம்னு எழுதாதீங்க. நான் எந்திரிச்சு வந்துட்டனுங்க. அடுத்து வந்து மோதுறவ வருவாளாங்க?”

என் கணவர் எழுந்தார். உட்காரச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

“தலைவராச் சொல்லலீங்க, இவ ஊட்டுக்காரனாச் சொல்றேன். அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் நின்ன நெலம உங்க யாருக்கும் வரக்கூடாதுங்க” என்றார்.

சிலர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்கள். மற்றவர்கள் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியவர் அந்தப் பெரியவர்தான். விளக்கு வேண்டும், கழற்றி மாட்ட வழியும் அவகாசமும் வேண்டும் என்று கடிதம் போனது.

அந்தத் திருத்தம் எப்போது சட்டமாகுமோ தெரியாது. ஆனால் விளக்கு வேண்டும் என்று போன கருத்துகளில் ஒன்று, நான் வாய் திறந்ததால் போனது என்று நினைக்கும்போது இன்றைக்கும் என் முதுகு நிமிர்ந்துகொள்கிறது.