முப்பது மைலுக்கு மேல்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கின் தலையெழுத்தைக் கேளுங்கள்: பம்பாயில் உள்ள வேகமான வண்டியெல்லாம் அவன் கைக்கு வரும், ஒன்றைக்கூட அவன் வேகமாக ஓட்டக் கூடாது. ஊரார் கல்யாணத்துக்குக் கோட்டு தைத்துக் கொடுத்துவிட்டு அழைப்பில்லாமல் கடையில் உட்கார்ந்திருக்கும் தையல்காரர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதாவது போர் போட்டு, புதுப் பிஸ்டன் இறக்கினால், முதல் ஐந்நூறு மைலுக்கு வண்டியை முப்பது மைல் வேகத்துக்கு மேல் விரட்டக் கூடாது. விரட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். வண்டிக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? "நீங்களே ஓட்டிப் பழக்கிக் கொடுங்க" என்று விட்டுவிட்டுப் போவார்கள். அறுபதுகளில் தாராவியில் சுலைமான் பாய் ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பழக்குகிற வேலை என்னுடையது. இந்தக் கதை நடந்தபோது அதில் எனக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

டிராம்பே ரோடு

செம்பூர் தாண்டி டிராம்பே வரை போய்த் திரும்புவது என் வழக்கமான பாதை. காலையில் ரோடு துடைத்து வைத்த மாதிரி கிடக்கும். கீழே இருப்பது எண்பது மைல் ஓடக்கூடிய குதிரை. நானோ முள் முப்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டே, எலுமிச்சம்பழம் வைத்த ஸ்பூனை வாயில் கவ்வியவன் போலப் போவேன். ஒரு நாள் ஆட்களை அடைத்துக்கொண்டு சாய்ந்தபடி வந்த பஸ் ஒன்று பின்னால் ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். தாண்டும்போது கண்டக்டர் தலையை நீட்டி, மாட்டு வண்டிக்காரனை அதட்டுவது போல அதட்டினான்:

"ஏ பைல்காடி, சைடு லே!"

மூலையில் கிடந்த வண்டி

லண்டனுக்குப் போனவர் ஒருவர் தம் பழைய இங்கிலீஷ் வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டார். எலி குடும்பம் நடத்திய வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துத் துடைத்து, புதுப் பிஸ்டன் போட்டுக் கோத்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று பாய் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். ஜூஹு விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கிறது. அதில் கலந்துகொள்ள வேண்டும். ஜெயிக்க அல்ல. ஆயுசில் ஒரு தடவை ஆக்சிலேட்டரைக் கடைசி வரை முறுக்கிப் பார்க்க வேண்டும். அந்த ஆசை எனக்குப் பசி மாதிரி இருந்தது. பாயும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. சிலிண்டரில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எடுத்துக்கோல. ஆனா ஒன் வண்டின்னா மட்டும் கொம்பா மொளச்சிருக்கு? ஐந்நூறு மைலு ஐந்நூறு மைலுதான்."

ஃபாரம்

மாட்டுங்கா விசுவநாதன் எங்கள் வாடிக்கையாளர். ஃபோர்ட்டில் ஆபீஸ் வேலை, வருஷம் தவறாமல் பந்தயம். அவருடைய வண்டிகள் மூன்றை நான்தான் பழக்கினேன். நான் முப்பதில் உருட்டிக் கொடுத்ததை அவர் ஜூஹுவில் பறக்கவிடுவார். அவர் பறக்கும்போது ஓரத்தில் நின்று அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பொறாமை என்றுதான் பேர், வேறு நல்ல பேர் கிடையாது.

ஃபாரம் இங்கிலீஷில் இருந்ததால் கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில் காப்பி வாங்கிக் கொடுத்து அவரே பூர்த்தி செய்தார். இதுவரை ஓட்டிய அதிகபட்ச வேகம் என்ன என்று ஒரு கேள்வி. நான் டம்ளரைப் பார்த்தேன். "சொல்லுப்பா" என்றார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டுக் காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு திறந்து எழுதிக்கொண்டே சொன்னார்:

"முப்பதுன்னு போட்டா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவா. எழுபதுன்னு போடறேன், பெருமாள் கோச்சுக்க மாட்டார்."

தோல் சட்டை

தோல் சட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தாராவியில் தோலுக்கா பஞ்சம்? பக்கத்துச் சந்தில் தோல் பெட்டி தைக்கும் மைதீன் தைத்துக் கொடுத்தார். ஆனால் அவருக்குத் தெரிந்தது பெட்டிதான். சூட்கேஸுக்கு வைத்திருந்த தோலில், சூட்கேஸுக்குப் போடும் தையலில் சட்டை வந்தது. கையை மடக்கினால் அது தானாக நிமிர்ந்துகொண்டது. விழுந்தால் தாங்குமா என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது:

"இதப் போட்டுக்கிட்டு விழுந்து பாருய்யா, ரோட்டுக்குத்தான் காயம்படும்!"

கழற்றும் வேலை

பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்வது என்றால் பாதி வேலை கழற்றுவதுதான். விளக்கு, கண்ணாடி, ஸ்டாண்டு, உடைந்து சிதறக்கூடிய எல்லாம் போக வேண்டும். ஆயில் நட்டு அதிர்ச்சியில் கழன்றுவிடாமல் கம்பி போட்டு முறுக்கிக் கட்ட வேண்டும். முந்தின நாள் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பார்வதி, எலும்பும் தோலுமாக நின்ற வண்டியைச் சுற்றி வந்தாள். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து டிராம்பே ரோட்டில் அதை நான் பழக்கியது அவளுக்குத் தெரியும். அன்று காலைதான் ஐந்நூறாவது மைல் முடிந்திருந்தது. தூக்குச் சட்டியை என் கையில் கொடுத்தாள்:

"எல்லாத்தையும் கழத்திட்டிய, உள்ள இருக்க பயத்தையும் கழத்தி வச்சிட்டுப் போங்க."

கொடிக்குப் பிறகு

எனக்குப் பயம் இல்லை. வந்த வினை வேறு.

கொடி அசைந்தது, எல்லோரும் பாய்ந்தார்கள், நானும் கியர் மாற்றினேன். வேகம் காட்டும் முள்ளைக் கழற்றியாகிவிட்டது. ஆனால் எனக்கு முள் எதற்கு? முப்பது மைலின் சத்தம் காதுக்குப் பாடம். அந்தச் சத்தம் வந்ததும் வலது கை நின்றது. முறுக்கு என்றேன். நிற்கிறது. ஏழு வருஷம் எந்த இடத்தில் நிறுத்தினேனோ, அதே இடத்தில் கட்டிப்போட்டது மாதிரி நின்றது. விசுவநாதன் என்னை இரண்டு தடவை தாண்டிப் போனார். இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். ஓரத்தில் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தோல் சட்டைக்குள் அழுகை வந்தது. என்னென்னவோ ஆசைப்பட்டு, கடைசியில் ஜூஹு வரை வந்து இன்னொரு வண்டியைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்!

கடைசிக் கொடியும் காட்டிவிட்டார்கள். அதன்பிறகு எல்லோரும் ஒரு சுற்று மெதுவாக வந்து நிற்க வேண்டும் என்பது விதி. முன்னால் போனவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். ஒவ்வொரு எஞ்சினாகச் சத்தம் இறங்கி, அத்தனை வண்டியும் முப்பதின் சத்தத்துக்கு வந்தது. எனக்கு ஏனோ அதைத் தாங்க முடியவில்லை. கை அசைந்தது. முறுக்கினேன். இன்னும் இருந்தது, அதையும் முறுக்கினேன். அதற்கு மேல் ஆக்சிலேட்டர் கம்பி இழுபடாத இடம் வரைக்கும் போனது. வண்டி என் கீழே ஒரு தடவை உதறிவிட்டு ஓடியது. கண்ணில் தண்ணீர், வாயில் உப்புக் காற்று. ஒதுங்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் தாண்டினேன். சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கொடிக்காரர் திட்டித் தீர்த்து என் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். பாய் எஞ்சின்மேல் கையை வைத்துச் சூடு பார்த்தார். விசுவநாதன் வந்து வண்டியை நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:

"என்னப்பா முத்தையா, ரேஸ் முடிஞ்சப்பறம் எல்லாரையும் ஜெயிச்சுட்டியே!"

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஊரார் வண்டியை முப்பதில் பழக்கிக் கொடுத்தேன். எனக்கென்று ஓடியது அந்த ஒரு சுற்று, அதையும் அடித்துவிட்டார்கள்.