ஐந்து பாட்டில் மண்

பாட்டில்காரர் என்று சொன்னால்தான் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் அவரைத் தெரியும். குடிகாரர் இல்லை, பாவம்; சோதனைக்கு மண் எடுத்து பாட்டிலில் அடைப்பவர். தோண்டும்போது மேலே வரும் சேற்றைக் காயவைத்து மலைபோல் குவித்திருப்பார்கள். அதில் ஐந்து இடத்தில், முழங்கை ஆழம் தோண்டி எடுக்க வேண்டும் என்பது விதி. முதல் மாதம் அப்படித்தான் எடுத்தார். கைத்தோல் உரிந்தது, இருமல் ஆளையே உலுக்கியது. அப்புறம் மனுஷர் உஷாராகிவிட்டார். மழை கழுவிவிட்ட ஓரத்து மண்ணை ஒரே இடத்தில் அள்ளி ஐந்து பாட்டிலையும் நிரப்பினார். பதினோரு வருஷமாக, எல்லாம் சுத்தம் என்றே அறிக்கை வந்தது. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அறிக்கையை நம்பித்தான் கம்பெனி கழிவைக் குறைக்கக் கிளம்பியது. பள்ளமான மனைகளுக்கு அந்த மண்ணை இலவசமாகவே கொட்டித் தந்தது. முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தவள் அவருடைய அக்கா. "என் தம்பி சோதிச்ச மண்ணாக்கும்" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டாள். ஒன்பது லாரி மண் இறங்கியது. 

இரண்டு மழை போனதும் அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. பேத்திக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு பாட்டில் தண்ணீரை இவர் கையில் திணித்து, "குடிக்கலாமா கூடாதான்னு நீயே பாத்துச் சொல்லுடா. நீ சொன்னா போதும்" என்றாள்.

அந்த முதல் மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தார். கம்பெனி சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், பக்கத்திலேயே நின்று சோதிக்க வைத்தார். முடிவை எட்டிப் பார்த்த அதிகாரி, "இது விஷம்ப்பா. எங்க எடுத்த?" என்றார். இவர் சொன்னார். அதிகாரி தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"மண்ண எடுத்தவன்னு பதினோரு வருஷமா கையெழுத்துப் போட்டது நீ. உங்கக்கா காதுல விழுந்தா தெருவே இங்க வந்து நிக்கும். அப்ப உள்ள போறது நான் இல்ல, பாத்துக்க."

சாயங்காலம் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள்.

"என்னடா சொன்னாங்க?"

குடிக்காதே. அந்த ஒரு வார்த்தையைத்தான் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்திருந்தார். கோழை. அதற்கு வேறு நல்ல பேர் கிடையாது.

"நல்ல தண்ணிதான்க்கா. கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான்."

"அப்பாடா! வயித்துல பால வாத்தடா."

உள்ளே போய் ஒரு டம்ளர் மொண்டு வந்து நீட்டினாள்.

"வேணாம்க்கா. இப்பதான் குடிச்சேன்."

"சரி, எதுக்கு வீணாக்கணும்" என்று அக்கா பேத்தியைக் கூப்பிட்டாள். குழந்தை மடமடவென்று குடித்து முடிக்கும்வரை அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.