எல்லைமரத்தில் கவிழ்ந்த மங்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் பகா டவுனிலிருந்து செம்மண் ரோட்டில் லாரி குலுங்கிக் குலுங்கி உள்ளே போகும் அந்த ரப்பர் தோட்டத்தில், எண்பத்தாறாம் வருஷம் பஞ்சாலைக்கு நடந்தது நடந்ததுதான். அவள் ஒன்றும் நிழலைப் பார்த்து அலறுகிறவள் இல்லை. இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆள் அரவமில்லாத ரப்பர் காட்டுக்குள் தனியாக மரம் சீவுகிறவள். பேய் என்றால் அவளுக்குப் பொழுதுபோக்கு. மாதாமாதம் காசு போட்டு வாங்கிப் படிப்பாள்.

வாங்குவது கபாலதாசன் நாவல். அந்த நாளில் கடலுக்கு அந்தப் பக்கம் மெட்ராஸில் இருந்துகொண்டு கபாலதாசன் எழுதித் தள்ளினார். மாதம் ஒன்று என்று தொடங்கியவர், போகப் போக மாதம் நாலு எழுதினார். மனுஷன் எப்போது சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார் என்பதே அவர் கதைகளைவிடப் பெரிய மர்மம். பகாவில் சைபுதீன் பாய் கடை வாசலில் அந்தப் புத்தகங்கள் கயிற்றில் தொங்கும். அந்த மாதத்து நாவல் அங்கே வந்து சேரும்போது அதற்கு இரண்டு மாத வயதாகியிருக்கும். அதனால் என்ன, பேய்க்கு வயது ஏது?

தோட்டத்தில் ஒரு புத்தகத்துக்கு மூன்று பேர் கூட்டு. ரப்பர் பால் லாரி ஓட்டும் வீரமுத்து, பஞ்சாலை, அப்புறம் பஞ்சாலைக்குப் பக்கத்து வரிசையில் மரம் சீவும் பவுனம்மாள். வீரமுத்து புத்தகத்தைக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகப் பின்னைப் பிடுங்கி அதை மூன்றாகப் பிரிப்பான். ஒருவர் ஒரு பாகத்தை முடித்துக் கைமாற்றிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போக வேண்டும். படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அது சத்தியம்.

பவுனம்மாள் புருஷனுக்கு இந்தப் படிப்பே ஆகாது. வீட்டுக்குள் பேய்க்கதை வந்தால் பின்னாலேயே பேயும் வரும் என்பான். அதனால் பெண்கள் இருவரும் லயத்து வீடுகளில் வைத்துக் கொடுத்து வாங்க மாட்டார்கள். அவர்கள் வரிசைகள் சேருகிற இடத்தில் பட்டுப்போன கிழட்டு மரம் ஒன்று நின்றது. அதை எல்லைமரம் என்பார்கள். அதன் வேரடியில் பால் பிடிக்கிற பழைய பீங்கான் மங்கு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். படிக்கக் காத்திருக்கிறவள் மங்கைக் கவிழ்த்து வைப்பாள். கொடுக்கிறவள் பாகத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வேர்ச் சந்தில் செருகிவிட்டு மங்கை நிமிர்த்தி வைப்பாள். பவுனம்மாளுக்குப் பொறுமை குறைவு. கவிழ்த்தது போதாதென்று புகையிலை இருமலோடு மரங்களுக்கு நடுவிலிருந்து குரலும் கொடுப்பாள்.

"ஆச்சா, பஞ்சு?"

"இன்னும் ஆவலக்கா!"

இப்படியே ஆறேழு வருஷம் ஓடியது. சண்டை வந்தது ஒரே ஒரு முறைதான்.

பால் ஸ்டோர் வாசலில், எடை போட வரிசையில் நிற்கும்போது பேச்சு கபாலதாசன் பக்கம் திரும்பியது. பவுனம்மாள் வாளியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"பழைய கபாலதாசன் மாதிரி வராதுலா. 'ஈரப்புடவை வேதவல்லி' படிச்சிட்டு மூணு நாளு நான் தனியா ஆத்தோரம் போவல. இப்ப எழுதுறதெல்லாம் என்னா? கார் வருது, டெலிபோன் அடிக்குது, பேயக் காணோம்."

"புதுசுக்கு என்னக்கா கொறச்சலு? 'லிஃப்டில் ஏறிய பிணம்' படிச்சிட்டு எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு."

"நீ லிஃப்டப் பாத்திருக்கியாடி? கண்ணால பாக்காத லிஃப்டுக்குப் பயந்தவ நீ ஒருத்திதான்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. வேலை வாங்குகிற மண்டோர் சிரித்தார். எடை எழுதுகிற கிராணிகூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் இருட்டோடு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பஞ்சாலை வந்து நின்றதும் யாரோ "லிஃப்டு வருது, வழி விடுங்க" என்றார்கள். ஒரு வாரம் அதே பேச்சு. பஞ்சாலைக்கு அழுகை அழுகையாக வந்தது. இத்தனை வருஷம் கூடவே படித்தவள் ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டாளே என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

அந்த மாத நாவல் 'துடைக்காத கண்ணாடி'. புதிது. கடைசிப் பாகம் பஞ்சாலையிடம் முதலில் வந்தது. ஒரே மூச்சில் முடித்தாள். அப்படி ஒரு முடிவு. பழைய கபாலதாசன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய், "இப்ப என்னா சொல்ற?" என்று பவுனம்மாள் முகத்துக்கு நேரே கேட்கத்தான் முதலில் தோன்றியது. பிறகு நினைத்தாள்... காத்திருக்கட்டும். நல்லாக் காத்திருக்கட்டும். பாகத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

எல்லைமரத்தில் மங்கு தினமும் கவிழ்ந்திருந்தது.

"ஆச்சா, பஞ்சு?"

"இன்னும் ஆவல."

அக்கா என்பதைக்கூட விட்டுவிட்டாள். அடுத்த வாரம் திங்கட்கிழமையும் பவுனம்மாள் கேட்டாள். அன்றைக்குக் குரலில் பழைய கேலி இல்லை. பஞ்சாலை பதிலே சொல்லாமல் அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள்.

அன்று ராத்திரி பவுனம்மாளுக்கு வயிற்றுவலி. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புதன்கிழமை பார்த்துவிட்டு வந்த வீரமுத்து பஞ்சாலை வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினான்.

"அக்கா ஒன்ன வரச் சொல்லுச்சு. கடைசிப் பாகத்தயும் எடுத்துக்கிட்டு வரணுமாம். நாளைக்கு லோடு இருக்கு, ஏறிக்கிறியா?"

"ஊட்டுக்கு வந்து படிச்சிக்கட்டும். இப்ப என்னா அவசரம்?"

வெள்ளிக்கிழமை காலையில் பவுனம்மாள் போய்விட்டாள்.

சவப்பெட்டி மூடுவதற்கு முன்னால் வீரமுத்து, அவள் விரும்பியதாயிற்றே என்று, முதல் இரண்டு பாகத்தையும் வெற்றிலை பாக்கோடு அவள் தலைமாட்டில் வைத்தான். புருஷன்காரன் பார்த்தான், தடுக்கவில்லை. வீரமுத்து எல்லார் எதிரிலும் திரும்பிக் கேட்டான்.

"மூணாவது எங்க பஞ்சு?"

"தொலைஞ்சு போச்சு" என்றாள் பஞ்சாலை.

வீடு எட்டி நடக்கும் தூரத்தில்தான் இருந்தது. போய் எடுத்து வந்திருக்கலாம். வேண்டுமென்றே வைத்திருந்தது தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் செத்தவள் முகத்துக்கு நேரே பொய் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து அவளைச் சோறு தின்ன விடவில்லை. அரிசி அளக்கக் குனியும்போதெல்லாம் டின்னுக்கு அடியில் அது கிடப்பது நெஞ்சில் குத்தியது.

அதுவரை சுற்றுப் பாதையில் போய் வந்தவள், கருமாதி முடிந்த மறுநாள் எல்லைமரத்தைக் கடந்தாள்.

மங்கு கவிழ்ந்திருந்தது.

பவுனம்மாள் கடைசியாகக் கவிழ்த்தது அப்படியே கிடக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். குனிந்து நிமிர்த்தி வைத்தாள். இரவெல்லாம் மழை. மறுநாள் காலை போனபோது மங்கு மறுபடியும் கவிழ்ந்திருந்தது. குரங்கு வேலையாக இருக்கும் என்று நிமிர்த்தினாள். கை பட்ட இடம் சில்லென்றிருந்தது... அவ்வளவு மழைக்கும் மங்குக்கு அடியில் இருந்த மண் மட்டும் காய்ந்திருந்தது, மழைக்கு முன்னாலேயே யாரோ கவிழ்த்ததுபோல.

மூன்றாம் நாள் மழை இல்லை. காடே உலர்ந்து கிடந்தது. மங்கை நிமிர்த்தி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். ஒரு மரம் சீவி முடித்துத் திரும்பிப் பார்த்தாள். கவிழ்ந்திருந்தது. சுற்றிலும் மண் ஈரம். தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

பவுனம்மாள் வரிசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அங்கே ஆள் கிடையாது. ஆனால் அங்கிருந்து சத்தம் வந்தது.

சரக்... சரக்...

உளி பட்டையைச் சீவுகிற சத்தம்.

பிறகு இரண்டு இருமல். புகையிலை வாசம். காற்றே இல்லாத காட்டில் அந்த வாசம் மட்டும் நேராக வந்தது.

பஞ்சாலை வாளியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. ஓடியிருந்தால் ஒருவேளை நல்லது. பயத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. "கொண்டாரேன்க்கா. நாளைக்கிக் கொண்டாந்துர்றேன்" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. மூன்றாம் பாகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். பொழுது நன்றாக விடியட்டும் என்று காத்திருந்து, வெளிச்சம் வந்த பிறகுதான் எல்லைமரத்துக்குப் போனாள். வேர்ச் சந்தில் செருகப் போனவள் தயங்கினாள். மண்ணுக்குள் படுத்திருப்பவள் எப்படிப் படிப்பாள்? மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல வாய்விட்டுப் படித்தாள்.

முதல் பக்கம் முடிந்தது. தாளைத் திருப்பினாள்.

மரத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு தாள் திரும்பியது.

பஞ்சாலை தலையைத் திருப்பவில்லை. படித்தாள். எழுத்துகள் துள்ளின. இன்னொரு தாள்... அந்தப் பக்கமும் இன்னொரு தாள். மரத்தின் மறுபக்கத்தில் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருக்கிற கனம் அவள் முதுகுக்குத் தெரிந்தது. பட்டுப்போன மரம் லேசாக முனகியது.

கடைசிப் பக்கம்.

கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டாள்.

கடைசி வரி.

வாயைத் திறந்தாள்.

அதற்குள் மரத்துக்குப் பின்னாலிருந்து, காதுக்கு வெகு பக்கத்தில், அந்தக் குரல் அந்த வரியைச் சொன்னது.

"அவள் கண்ணாடியைத் துடைத்தாள்... உள்ளே இருந்தவள் துடைக்கவில்லை."

பஞ்சாலை எப்படி ஓடினாள், எங்கே விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பால் லாரிக்கு முன்னால் போய் நின்றபோது காலில் செருப்பு இல்லை. வீரமுத்துவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அரிசி டின்னையும் சேர்த்து. அவன் திட்டவில்லை. "வா, பாத்துட்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

எல்லைமரத்தடியில் தாள்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. மங்கு நிமிர்ந்திருந்தது.

"வாங்கிக்கிச்சுலா" என்றான் வீரமுத்து. "இனிமே வராது."

பஞ்சாலை அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. அன்று மத்தியானம் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். சாயங்காலம் லாரியில் ஏறிப் பகாவுக்கும் போனாள். பவுனம்மாள் பேரைச் சொல்லிப் பழைய கபாலதாசன் ஒன்று வாங்கலாம் என்று நினைப்பு.

சைபுதீன் பாய் கடையில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பவுனம்மாள் செய்தி கேட்டு ரொம்ப வருத்தப்பட்டார்.

"நல்லாத்தானே இருந்துச்சு தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின சனிக்கிழமகூட இங்க வந்துச்சே. 'துடைக்காத கண்ணாடி' எடுத்துக் குடுங்க பாய், முடிவு மட்டும் பாத்துட்டுத் தர்றேன்னுச்சு. இதோ, இந்த எடத்துலதான் நின்னு கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுச்சு."

கூட வந்த வீரமுத்து கேட்டான்.

"முந்தின சனிக்கிழமையா? நல்லாத் தெரியுமா பாய்?"

"தெரியாம? படிச்சிட்டுப் புத்தகத்த எங்கிட்டக் குடுத்துட்டு ஒரே சிரிப்பு. 'பஞ்சு சொன்னது சரிதான் பாய், புதுசும் நல்லாத்தான் எழுதுறாரு. பாவம், அவள ஊர் சிரிக்க வச்சிட்டேன். அவ எங்கூடப் பேச மாட்டேங்குறா. எப்படியாச்சும் பேசிறணும்'னுச்சு. ஒங்கிட்டச் சொல்லலியா?"

பவுனம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போன அந்தத் திங்கட்கிழமை காலையில் கேட்ட குரல் பஞ்சாலையின் காதில் வந்து விழுந்தது. அன்றைக்கே பவுனம்மாளுக்கு முடிவு தெரியும். புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீரமுத்துவிடம் சொல்லி அனுப்பியபோதும் தெரியும். அப்படியானால் அவள் கேட்டது புத்தகத்தை அல்ல, பஞ்சாலையின் பேச்சைத்தான்.

லாரி இருட்டோடு தோட்டத்துக்குத் திரும்பியது.

ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை பெரட்டு முடிந்து, பஞ்சாலை விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் போனாள். எல்லைமரத்தை வெளிச்சம் தொட்டது.

மங்கு கவிழ்ந்திருந்தது.

வேர்ச் சந்தில் வைக்க அவளிடம் இப்போது ஒன்றும் இல்லை.

இருட்டுக்குள் இரண்டு இருமல்...

"ஆச்சா, பஞ்சு?"