லேப் மேடம் சொல்லாத குறை

என் கணினித் திரையின் மேல் விளிம்பில் ஒரு அட்டைத் துண்டு ஒட்டியிருக்கிறது. பம்பு வரும் அட்டைப் பெட்டியிலிருந்து கத்தரித்தது. 'இந்தப் பக்கம் மேலே' என்பதில் பாதி இன்னும் ஓரத்தில் தெரியும். அதில் சிவப்புப் பேனாவால், அவசரமில்லாத உருண்டை எழுத்தில், "அழிக்க வேண்டாம். சரியானதைக் கடைசியில் எழுதவும்" என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதை ஏதோ வாழ்க்கைத் தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். நானும் மறுப்பதில்லை, கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. உண்மையில் அது பம்பு சோதிக்கும் பெண்களுக்கு எழுதிய குறிப்பு. எழுதியவர் லேப் மேடம்.

நான் நிரல் எழுதிப் பிழைப்பவள். வேலை நேரம் போக, பல வருடங்களாக, மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன லைப்ரரியைப் பராமரித்து வருகிறேன். கறுப்புத் திரையில் ஒருவர் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால், அதில் எது பெயர், எது எண் என்று பிரித்து நிரலிடம் ஒப்படைப்பது அதன் வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் நன்றி சொல்வது அபூர்வம். திட்டுவதற்கு மட்டும் எப்படியோ நேரம் ஒதுக்கிவிடுவார்கள். எங்கோ ஒரு நாட்டில் முகம் தெரியாத ஒருவர் காலைக் காப்பிக்கு முன்பே நாலு வரி எழுதி, நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை என்று முடித்திருப்பார். எனக்கும் பழகிவிட்டது.

இந்தக் கூட்டத்தில் லேப் மேடம் ஒருவர்தான் தனி. கோயம்புத்தூரிலேயே, பீளமேடு தாண்டி, ஒரு பம்பு கம்பெனியின் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர்களுக்கு யாரோ எழுதிக்கொடுத்த நிரலுக்குள் என் லைப்ரரி இருந்தது. அதன் உதவிப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, உள்ளூர்க்காரிதானா என்று ஆச்சரியப்பட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அதிலிருந்து ஒவ்வொரு பதிப்புக்கும் அவரிடமிருந்து பாராட்டு வரும். ரொம்ப நல்லா இருக்குதுங்க, புள்ளைங்க எல்லாருமே சந்தோசப்பட்டாங்க என்று எழுதுவார். மற்றவர்களிடம் வாங்கிய திட்டுக்கெல்லாம் அந்த ஒரு கடிதம்தான் எனக்கு மருந்து.

இரண்டாம் பதிப்பை வெளியிடத் தயாரானபோது ஒரு பெரிய முடிவெடுத்தேன். முதல் பதிப்பில், ஒரே வரியில் ஒரே விவரத்தை இரண்டு முறை கொடுத்தால், கடைசியில் கொடுத்ததை எடுத்துக்கொண்டு முந்தையதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அது நான் யோசித்துச் செய்ததல்ல, கவனிக்காமல் விட்ட ஓட்டை. இனி அப்படிக் கொடுத்தால் வரியையே ஏற்காமல் நிறுத்திவிட வேண்டும் என்று மாற்றினேன். வெள்ளோட்டப் பதிப்பை ஒரு மாதம் முன்பே வெளியிட்டு, குறை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வழக்கம்போல் பாய்ந்தார்கள். லேப் மேடம் வழக்கம்போல் பாராட்டினார். கடைசி வரியில் மட்டும், முடிஞ்சா பழசும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமுங்க என்று எழுதியிருந்தார். பழைய ஸ்கூட்டரை விற்க மனம் வராத மாதிரி ஏதோ பிரியம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நான் தாராபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுல கலந்துட்டுச் சொல்றமுங்க என்று எழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். எங்கள் பக்கத்தில் முடியாது என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், பந்தியில் வேண்டாம் என்பதைக்கூட ரெண்டு முறை போட்டுக்கொண்ட பிறகுதான் சொல்வார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும், மின்னஞ்சலில் வந்தது என்பதால் எனக்கு உறைக்கவில்லை.

வெளியீட்டுக்கு முந்தைய நாள், பாராட்டுக்கு நேரில் நன்றி சொல்லலாம் என்று தேங்காய் பன் வாங்கிக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனேன். பெரிய தொட்டியில் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஒரு பெண் அளவுமானிகளைப் பார்த்து அழுத்தம், நீர்வரத்து, ஆம்பியர் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அழுத்தத்தை 14 என்பதற்கு 41 என்று தட்டிவிட்டாள். பின்னால் போய்த் திருத்தவில்லை. மற்றதையெல்லாம் முடித்து, வரியின் கடைசியில் மறுபடி அழுத்தம் 14 என்று சேர்த்துத் தட்டினாள். சோதித்துப் பார்க்க அந்தக் கணினியில் போட்டிருந்த என் வெள்ளோட்டப் பதிப்பு முழு வரியையும் ஏற்காமல் திருப்பிக் கொடுத்தது. அவள் முகம் சுளிக்காமல் பம்பு எண்ணிலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தட்டினாள். அவளுக்குப் பின்னால் சோதனைக்குக் காத்திருந்த பம்புகள் வாசல்வரை நின்றன. திரைக்கு மேலே இந்த அட்டை.

அழித்துவிட்டு எழுதினால் என்ன என்று லேப் மேடத்திடம் கேட்டேன். அவர் சோதனைப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். தப்பான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், ஒரு சின்னக் கையெழுத்து.

"எழுதுனத அழிச்சுப்போட்டா ஆடிட்டுக்கு வாரவங்க சந்தேகப்படுவாங்கங்க. தப்புன்னாலும் அது அங்கயே இருக்கோணுமுங்க."

தட்டிய வரியும் அப்படியே அச்சாகிப் பதிவேட்டில் ஒட்டப்படுமாம். பேனாவில் இருந்த பழக்கத்தை அந்தப் பெண்கள் விசைப்பலகைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் ஓட்டை என்று வெட்கப்பட்டு அடைத்த இடத்தில் இவர்கள் இத்தனை நாள் ஒழுங்காக நடந்து வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் மற்றொரு கணினியிலும் புதியதைப் போட்டுவிடப் போகிறார்கள் என்பதும், வேலை தேங்காமல் இருக்க எல்லோரையும் அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லியாகிவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. போத்தனூரிலிருந்து வரும் பெண், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப மாமியாரிடம் கேட்டு ஏற்பாடு செய்துவிட்டாளாம். நான் ஒரு வரி மாற்றியதற்கு ஒரு குடும்பத்தின் காலை நேரமே இடம் மாறியிருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கிட்டத்தட்டக் கோபமாகவே கேட்டேன்.

"நீங்க சும்மா குடுத்துருக்கறீங்க. அதய வாங்கி வச்சுட்டு நொட்டஞ் சொன்னா நல்லாருக்குங்களா?" என்றார். சொல்லிவிட்டு எனக்கே ஒரு பன்னை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே வெளியீட்டைத் தள்ளிவைத்தேன். காத்திருந்தவர்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து, பதிவேட்டில் பார்த்ததையே நிரலாக எழுதினேன். இரண்டு முறை கொடுத்தால் கடைசியில் வந்தது நிற்கும். முந்தையதும் தொலையாது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். நான் தொழிலுக்கு லாயக்கில்லை என்று எழுதிய அதே ஆள், இந்த ஒன்றாவது உருப்படியாக இருக்கிறது என்று எழுதினார். லேப் மேடமும் ரொம்ப நல்லா இருக்குதுங்க என்று எழுதினார். நான் நம்பவில்லை. பஸ் பிடித்துப் போய்க் கண்ணால் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. போத்தனூர்ப் பெண் பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அங்கே அரை நாள் போய் உட்காருவேன். குறை சொல்லுங்கள் என்று கெஞ்சுவேன். ஒண்ணுமில்லீங்க என்பார். அவர் வாயைப் பார்ப்பதை விட்டு அந்தப் பெண்களின் விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். மிரட்டியும் பார்த்தேன், காப்பி வாங்கிக் கொடுத்தும் பார்த்தேன். கடைசிவரை ஒரு குறையும் பெயரவில்லை.

இரண்டு வருடம் முன்பு அவர் வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு கோபிசெட்டிபாளையத்தில் வாழை பார்க்கப் போய்விட்டார். போகும்போது இந்த அட்டையைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். தோட்டத்து மோட்டாரை நேரத்துக்கு ஓடவிட ஒரு சின்னக் கணினி வைத்து, அதற்கு நிரலும் அவரே எழுதியிருப்பதாகப் போனில் சொன்னார். என்னுடைய லைப்ரரிதானாம். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கோபி வாழைத்தோட்டத்தில் போய் யார் விரலைப் பார்ப்பது?

போன வாரம் மூன்றாம் பதிப்பை வெள்ளோட்டம் விட்டேன். வெளியீட்டுத் தேதியையும் அறிவித்துவிட்டேன். நேற்றுக் காலை கோபியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பாராட்டைத் தேடினேன், காணவில்லை.

"அம்மணி, இது சரியில்ல. காலைல அஞ்சரைக்கு 0530ன்னு குடுத்தா எடுக்க மாட்டேங்குது. ரெண்டு நாளா நானே போயி சுவிட்ச் போட்டுட்டு இருக்கறேன். மொதல்ல இதயப் பாரு, அப்பறம் வெளியிடு."

சோதித்துப் பார்த்தேன். முன்னால் பூஜ்யம் வைத்த எண்ணை என் புதுப் பதிப்பு எண்ணாகவே மதிக்கவில்லை. அசல் பிழை, முழுக்க என் தப்பு. அந்தக் கடிதத்தை வீட்டுக்காரரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சிரிப்பா என்று கேட்டார். இந்தத் திட்டுக்கு எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அவருக்கு விளக்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

பிழையைச் சரி செய்ய இரண்டு வாரம் ஆகும். அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இருந்த தேதியை நான் அழிக்கவில்லை. அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் புதுத் தேதியை எழுதி, ஒரு சின்னக் கையெழுத்தும் வைத்தேன்.