கலீமுல்லா கடைக் கயிறும் லியோனார்ட் வாத்தியாரின் தொண்டையும்

"எமது கட்சிக்காரர் உலகம் அறியாதவர், புகையிலையின் கெடுதி தெரியாதவர், பிறர் சொல்லுக்கு எளிதில் இணங்கும் சுபாவமுடையவர்."

1946-இல் மந்தைவெளி வக்கீல் ராஜநாயகம் அனுப்பிய நோட்டீஸில் லியோனார்ட் வாத்தியார் இப்படித்தான் இருந்தார். நிஜத்தில் அவர் சாந்தோம் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்துபவர். கரும்பலகையில் நுரையீரல் வரைந்து, புகை போகும் வழிக்கு அம்புக்குறி போடுவார். மணி அடித்ததும், அதே வழியில் புகையை அனுப்பக் கலீமுல்லாவின் வெற்றிலை பாக்குக் கடைக்குப் போவார். பிறர் சொல்லுக்கு அவர் இணங்கியதாக மனைவி ஃப்ளோரன்ஸுக்கு ஞாபகமில்லை.

மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைமைக் குரல். அந்த வருஷம் குரல் கம்மிவிட்டது. சிகரெட்தான் காரணம் என்றார் டாக்டர். பங்குச் சாமியார் யோசித்துச் சொன்னார்: "பிறரால் வந்த கேடு என்றால் இடம் உமக்கே. நீரே தேடிக்கொண்டது என்றால், ஈஸ்டருக்கு நம் குழுப் பையன் விக்டர் பாடட்டும்." அதனால்தான் கலீமுல்லாவுக்கு அந்த இங்கிலீஷ் நோட்டீஸ்.

கலீமுல்லாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தத் தெருவில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் லியோனார்ட்தான். கலீமுல்லா நோட்டீஸை நேரே அவரிடம் கொண்டுவந்தார்.

"வாத்யாரே, யாரோ என் மேல கேஸு போட்டுகீறான். இன்னான்னு பாரு."

"யாரோ இல்ல பாய். நான்தான்."

"அத்த அப்பால பேசிக்கலாம். இன்னா எழுதிகீது?"

"நீ ஆசை காட்டி எனக்கு சிகரெட் வித்தியாம்."

"நானா? வருசா வருசம் ஈஸ்டருக்கு முந்தி தபசு காலம் பொறந்தா, 'நான் கேட்டாலும் குடுக்காதே பாய்'னு சொல்லிட்டுப் போறது யாரு? நாப்பது நாளும் குடுத்துகீறனா?"

"இல்ல."

"ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் ஓடியாந்து என் கடைல தொங்கற நெருப்புக் கயித்துல சிகரெட் பத்த வெக்கறது யாரு? உன் வக்கீலா?"

கலீமுல்லாவுக்காகப் பதில் எழுத லியோனார்ட் பேனாவைத் திறந்தார். "சொல்றது சரிதான். ஆனா சொல்ற வரிசை சரியில்ல. முதல்ல நாப்பது நாள், அப்புறம் கயிறு."

தன் கட்சி தோற்பதை அவரால் பொறுக்க முடிந்தது; தன் தெருவிலிருந்து ஓட்டை இங்கிலீஷ் வெளியே போவதைப் பொறுக்க முடியவில்லை. மூன்று தரம் திருத்தி எழுதினார்.

பதிலைப் படித்த ராஜநாயகம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். "இதுக்கு மேல கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் சிரிப்பார் சார். நாப்பது நாள் விட முடிஞ்ச ஆளு, நாப்பத்தோராவது நாள் பழியை எப்படிக் கடைக்காரன் தலையில கட்டறது? அந்தாளுக்கு நல்ல வக்கீல் கிடைச்சிருக்கார்."

"இங்கிலீஷ் எப்படி?" என்றார் லியோனார்ட்.

"குத்தம் சொல்ல முடியாது."

வாத்தியாருக்கு முகம் மலர்ந்தது.

ஈஸ்டர் பூசையில் விக்டர் பாடினான். சுமாராகத்தான் பாடினான். லியோனார்ட் கடைசி வரிசையில் நின்று முழுவதும் கேட்டார். பூசை முடிந்ததும் கலீமுல்லா கடைக்குப் போய், ஒரு சிகரெட் கேட்டு வாங்கி, தொங்கிக்கொண்டிருந்த கயிற்று நெருப்பில் தாமே பற்றவைத்துக்கொண்டார்.